வில்வண்டி முதல் மகிழுந்து வரை: பினாங்கில் பட்டைவில்லின் வரலாறும் அதன் ஒலியும்

முன்னுரை

மனித நாகரிக வரலாற்றில் சக்கரத்திற்குரிய சிறப்பிடத்தை அறியாதார் இலர். பள்ளிப் பாடநூல் முதல் பேரறிஞர் ஆய்வுநூல் வரை அதன் பெருமை பேசப்படுகின்றது. ஆயினும், அச்சக்கரத்திற்கும் அதன்மேல் அமர்ந்து செல்லும் மனிதனுக்கும் இடையில் நின்று, பாதையின் மேடு பள்ளங்களைத் தான் ஏற்றுக்கொண்டு, ஏறியவனுக்கு இன்பம் நல்கும் ‘வில்’ என்னும் உறுப்பைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. தாங்குவோர் பேசப்படாமல் போவது பொருள்களுக்கும் பொருந்தும் போலும்!

2008ஆம் ஆண்டில் ஜோர்ஜ்டவுன் நகரம் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பின்னர், பழமையைப் பேணும் ஆர்வம் இத்தீவில் கட்டடங்களோடு நிற்கவில்லை. தாத்தா காலத்து மகிழுந்துகளைத் தூசி தட்டி எடுத்து, மீண்டும் சாலையில் ஓடச் செய்யும் அன்பர்களும் இங்கு உளர். அவர்கள் எதிர்கொள்ளும் இடர்கள் பல. இயந்திரம் ஓடத் தொடங்கி, வண்ணம் பூசி, இருக்கைக்குப் புதுத் தோல் தைத்த பின்னரும், ஒவ்வொரு பள்ளத்திலும் அடியிலிருந்து ‘கிறீச், கிறீச்’ என ஓர் ஒலி எழும். அது பட்டைவில்லின் ஒலி. இதனைச் சிறு தொல்லை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால், அவ்வொலி ஏன் எழுகின்றது, எவ்வாறு அடங்கும் எனத் தேடிச் செல்வோமாயின், சங்கத் தமிழரின் வண்டி அச்சு, வில்வண்டி எழுப்பிய சமூகப் போராட்டம், பால்மரக் காட்டில் உழைத்த நம் முன்னோரின் வியர்வை ஆகிய மூன்றும் வழியில் நம்மை எதிர்கொள்ளும். அத்தேடலே இக்கட்டுரை.

அச்சும் மையும்

தமிழருக்கு வண்டி புதியதன்று. உப்பு விற்ற உமணர் குடும்பத்தோடும் சுமையோடும் வண்டிகளில் நெடுவழி சென்றதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. அச்சு முறியுமாயின் நடுவழியில் தவிக்க நேருமென்று, வண்டியின் அடியில் மாற்று அச்சொன்றைக் கட்டிச் செல்லும் வழக்கம் அவர்களுக்கு இருந்தது. அம்மாற்று அச்சையே ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாடலில் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார். திருவள்ளுவரோ 475ஆம் குறளில், மென்மையான மயிற்பீலியும் அளவு கடந்தால் அச்சை முறிக்கும் என்று அரசியல் பேசினார். 667ஆம் குறளில் உருவத்தால் சிறிய அச்சாணியின் பெருமையை உரைத்தார். புலவர்கள் வண்டியின் அடிப்பகுதியை நன்கு நோக்கியிருக்கின்றனர் என்பதற்கு இவை சான்று.

மரக்குடத்தில் சுழலும் அச்சு உராயும்; உராய்ந்தால் சூடேறும், தேயும், ஓலமிடும். இதற்கு நம் நாட்டுப்புறத்தார் கண்ட மருந்து ‘வண்டிமை’. வைக்கோலைக் கருக்கி அக்கரியை ஆமணக்கு எண்ணெயில் குழைத்துச் செய்யும் கரிய பசை அது. மூங்கிற் குழாயிலோ மாட்டுக் கொம்பிலோ நிரப்பி வண்டியின் அடியில் தொங்கவிடுவர். எண்ணெய் மட்டும் ஊற்றினால் அது வழிந்து மண்ணில் சொட்டிப்போகும். கரி கலந்தால் கெட்டிப்பட்டு அச்சில் ஒட்டி நிற்கும். எண்ணெயுடன் நுண்ணிய திடப்பொருளைக் கலந்து மசகு செய்யும் இம்முறையின் கருத்தே, இன்று புட்டிகளிலும் டப்பாக்களிலும் விற்கப்படும் பலவகை மசகுகளிலும் அமைந்துள்ளது என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளுதல் நன்று.

ஆயினும், பண்டை வண்டிக்கு வில் இல்லை. அச்சின்மேல் சட்டம், சட்டத்தின்மேல் பலகை, பலகையின்மேல் மனிதன் என்பதே அதன் அமைப்பு. சக்கரம் கல்லில் ஏறினால் அமர்ந்திருப்பவனின் முதுகெலும்பும் உடன் ஏறி இறங்கும். வைக்கோல் பரப்பி அதன்மேல் சமக்காளம் விரிப்பதே அக்காலத்தார் கண்ட ஒரே ஆறுதல்.

வில் பிறந்த கதை

மேலைநாட்டுச் செல்வர்களின் சாரட்டுகளும் நெடுங்காலம் இதே நிலையில்தான் இருந்தன. வண்டியின் உடலைத் தோல்வார்களில் தொங்கவிட்டுப் பார்த்தனர்; பின்னர் வளைந்த எஃகுக் கொம்புகளில் தொங்கவிட்டனர். 1804ஆம் ஆண்டில் இலண்டன் நகரின் இலாம்பெத் பகுதியைச் சேர்ந்த ஒபதையா எலியட் என்னும் வண்டித் தொழிலாளர், நீள்வட்ட வடிவிலமைந்த எஃகு விற்களைச் சக்கர அச்சின்மேல் நேரடியாகப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வண்டியின் எடை குறைந்தது, உயரம் தாழ்ந்தது, பயணம் இனிதாயிற்று. இன்று சரக்குந்துகளின் அடியில் நாம் காணும் பட்டைவில், அந்த நீள்வட்டத்தில் பாதியே ஆகும்.

வில் செய்ய நல்ல எஃகு வேண்டும். வளைந்து மீள வேண்டும். ஆயிரமாயிரம் முறை வளைந்தாலும் ஒடியலாகாது. இங்கிலாந்தில் பெஞ்சமின் அன்ட்ஸ்மன் 1740களில் மூசையில் எஃகை உருக்கும் முறையை உருவாக்கியதற்குக் காரணமும் ஒரு வில்தான். கடிகாரத் தொழிலாளியான அவர், கடிகாரச் சுருள்வில்லுக்கு ஏற்ற எஃகு கிடைக்கவில்லையே என்று தேடியபோதே அம்முறையைக் கண்டார். ஆனால், மூசையில் எஃகு வடிக்கும் கலையைத் தென்னாட்டார் அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் கிடைத்த உலைகளின் எச்சங்கள் அதற்குச் சான்று பகர்கின்றன. ‘உருக்கு’ என்னும் நம் சொல்லுக்கு உறவான ‘உக்கு’ என்பதே ‘ஊட்ஸ்’ எனத் திரிந்து ஐரோப்பா சென்றதாகச் சொல்லாய்வாளர் கூறுவர். அவ்வெஃகின் இயல்பை அறிய மைக்கேல் ஃபாரடே 1820ஆம் ஆண்டையொட்டி ஆய்வுகள் செய்தார்.

எலியட்டின் வில் கப்பலேறி இந்தியா வந்து, நம் மாட்டுவண்டியோடு மணவினை கொண்டது. அதன் பயனாகப் பிறந்ததே ‘வில்வண்டி’. பட்டையை வளைத்து நாண் இல்லாத வில்லைப் போல் அச்சின்மேல் வைத்ததால் தமிழன் அதற்கு ‘வில்’ என்றே பெயரிட்டான். பிறமொழிச் சொல்லைக் கடன் கேளாமல், வடிவத்தையும் இயல்பையும் ஒருசேர உணர்த்தும் சொல்லைத் தன் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்ட திறம் பாராட்டற்குரியது.

வில்வண்டி செல்வத்தின் சின்னமாயிற்று. நிலக்கிழாரும் வணிகரும் அதில் சென்றனர். ஏழை பொதிவண்டியில் சென்றான். ஒடுக்கப்பட்டவனுக்கோ சாலையே மறுக்கப்பட்டது. திருவிதாங்கூரில் 1893ஆம் ஆண்டில், வெங்கானூரைச் சேர்ந்த அய்யன்காளி, தம் மக்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்த பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். எதிர்த்து வந்தோரை அஞ்சாது எதிர்கொண்டார். ‘வில்லுவண்டி யாத்திரை’ என இன்றும் போற்றப்படும் அந்நிகழ்ச்சி, கேரளச் சமூக வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்று. எட்டுப் பத்து எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஓர் உறுப்பு, யார் எதில் செல்லலாம் என்னும் கேள்வியையும் தாங்கி நின்றது.

பினாங்கின் சாலைகள்

பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் இத்தீவைக் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் கைக்கொண்டார். சூலியா தெருவும், தமிழர் ‘கடைத்தெரு’ என்றழைத்த மார்க்கெட் தெருவும் விரைவில் தமிழர் நடமாட்டத்தால் நிறைந்தன. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டிலும், குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டிலும் எழுந்தன. தொடக்க காலச் சாலைகள் பலவற்றை இட்டவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1873ஆம் ஆண்டு வரையில் அவர்தம் உழைப்பு இந்நீரிணைக் குடியேற்றங்களில் பயன்கொள்ளப்பட்டது. அவர்கள் கல் உடைத்துப் பரப்பிய பாதைகளில்தான் மாட்டுவண்டிகளும், ‘கெரி’ எனப்பட்ட வாடகைக் குதிரை வண்டிகளும் ஓடின. கெரிக்கு வில் உண்டு. சுமை ஏற்றும் மாட்டுவண்டிக்கு இல்லை. பின்னர்ச் சீனத் தொழிலாளர் இழுத்த கை ரிக்‌ஷாக்களும் வில்லின்மேல் அமைந்து வந்தன.

பினாங்குத் தமிழரின் வண்டிகளுள் தலையாயது நகரத்தாரின் வெள்ளிரதம். காரைக்குடியில் உருவாகி 1894ஆம் ஆண்டில் கடல்கடந்து வந்த அவ்விரதம், தைப்பூசத் திருநாளில் பினாங்குத் தெருவிலிருந்து தண்ணீர்மலை நோக்கிச் செல்வதைக் காணாத தமிழர் இத்தீவில் இலர். நூறாண்டு கடந்த ஒரு வண்டி பேணப்பட்டு, உலாப் போந்து, மக்கள் மனத்தில் இடம்பெற்றிருக்கின்றதென்றால், ஆண்டுதோறும் அதன் அச்சையும் சக்கரத்தையும் நோக்கிச் செப்பம் செய்யும் கைகள் இருக்கின்றன என்பதே பொருள்.

20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் காட்சிகள் விரைந்து மாறின. 1906ஆம் ஆண்டில் மின்சார டிராம் ஓடத் தொடங்கி 1936 வரை ஓடிற்று. 1925 முதல் 1961 வரை டிராலி பேருந்துகள் ஓடின. இவற்றுக்கிடையே மகிழுந்தும் நுழைந்தது. 1906ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட வேர்ன் சகோதரர் நிறுவனம், போர்டு வண்டிகளை மலாயா முழுவதும் கொண்டுசேர்த்தது.

மகிழுந்தும் பால்மரமும்

1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட போர்டு ‘டி’ வகை வண்டி, ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. அதன் முன்புறத்தில் ஒன்றும் பின்புறத்தில் ஒன்றுமாக, வண்டிக்குக் குறுக்கே பொருத்திய இரண்டே விற்கள் அதனைத் தாங்கின. வனேடியம் கலந்த வலிய எஃகினால் ஆன அவை, தோட்டத்துச் செம்மண் பாதைக்கும் ஈடுகொடுத்தன. 1922ஆம் ஆண்டில் வந்த ஆஸ்டின் ஏழு என்னும் சிறுவண்டிக்குப் பின்புறத்தில் கால் நீள்வட்ட விற்கள் அமைந்தன. 1948ஆம் ஆண்டில் வெளிவந்து மலாயாச் சாலைகளில் பழகிய முகமாகிவிட்ட மோரிஸ் மைனருக்கு முன்புறத்தில் முறுக்குத் தண்டும், பின்புறத்தில் பட்டைவில்லும் இருந்தன. இந்தியாவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடரும் அவ்வழியினதே.

இவ்வண்டிகள் உலகெங்கும் ஓடுவதற்கு இரப்பர் வேண்டியிருந்தது. 1888ஆம் ஆண்டில் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து கோலகங்சாருக்கும் சென்ற பிரேசில் நாட்டுக் கன்றுகளின் வழித்தோன்றல்கள், காடழித்த நிலமெங்கும் பால்மரங்களாக நிமிர்ந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர்கள், பினாங்கில் இறங்குமுன் ஜெரஜாக் தீவில் தொற்றுத் தடுப்புக்காக வைக்கப்பட்டு, பின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதற்குத் தடை விதிக்கும் வரையில் இவ்வோட்டம் தொடர்ந்தது. விடியுமுன் எழுந்து மரம் சீவிய அவர்களது உழைப்பே, டயராகவும், வில்லின் இரு முனைகளிலும் உள்ள ‘கண்’களில் அழுத்திப் பொருத்தும் இரப்பர்ப் ‘புஷ்’ ஆகவும் வடிவெடுத்து மகிழுந்துக்குள் புகுந்தது. வண்டியில் ஏறி மகிழ வாய்ப்பில்லாதவர்களின் கைத்திறன் அவ்வண்டியின் ஒவ்வோர் அசைவிலும் உடன் சென்றது என்பதை வரலாறு மறத்தலாகாது.

1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசிப் பினாங்கைக் கைப்பற்றியபின், பெட்ரோலும் உதிரிப் பொருள்களும் அரியவாயின. பட்டைவில் எஃகு கூர்மை தாங்கும் இயல்பினது. ஆதலின் உடைந்த வண்டிகளின் விற்களைக் கொல்லர்கள் பாராங் கத்தியாக அடிப்பது இந்நாட்டில் வழக்கம். தமிழ்நாட்டிலும் சரக்குந்துப் பட்டையில் அடித்த அரிவாளுக்குத் தனி மதிப்புண்டு. பழைய வண்டிகளின் விற்கள் எத்தனையோ இவ்வாறு அடுப்படியிலும் தோட்டத்திலும் வேறு வாழ்வு பெற்றன. எஞ்சியிருப்பவற்றைக் காத்தல் நம் கடன்.

வில் ஏன் முனகுகின்றது?

பட்டைவில் என்பது நீளத்தில் படிப்படியாகக் குறையும் எஃகுப் பட்டைகளின் அடுக்கு. நடுவே ஓர் ஆணி அவற்றைக் கோக்கின்றது. மிக நீண்ட பட்டையின் முனைகள் சுருட்டப்பட்டுக் கண்களாகின்றன. ஒரு கண் வண்டிச் சட்டத்தோடு நேராகவும், மற்றது ‘சேக்கில்’ எனப்படும் ஆடும் கொளுவியின் வழியாகவும் பிணைக்கப்படுகின்றது. சுமை ஏறினால் வளைவு நிமிர்கின்றது. நிமிரும்போது வில் நீள்கின்றது. அந்நீட்சிக்கு இடமளிக்கவே கொளுவி ஆடுகின்றது. அவ்வேளை ஒவ்வொரு பட்டையும் தனக்கு மேலுள்ள பட்டையின்மீது சிறிது வழுக்கிச் செல்லும். உராய்வு பிறப்பது அங்கேதான்.

உராய்வின் இயல்பை 1699ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் விதிகளாக வகுத்தார். 1785ஆம் ஆண்டில் வெளிவந்த கூலோமின் ஆய்வு அதனை மேலும் விளக்கிற்று. நிலையாக ஒட்டிக்கிடக்கும் இரு பரப்புகளை நகர்த்தத் தேவைப்படும் விசை மிகுதி. நகரத் தொடங்கிய பின்னர்த் தேவைப்படுவது குறைவு. துருவும் மணலும் படிந்த பட்டைகள் முதலில் ஒட்டிக்கொள்கின்றன. விசை மிகுந்ததும் சட்டென வழுக்குகின்றன; மீண்டும் ஒட்டுகின்றன; மீண்டும் வழுக்குகின்றன. ஒரு நொடியில் இது பன்முறை நிகழ, எஃகு அதிர்ந்து ஒலிக்கின்றது. வயலின் நரம்பின்மேல் வில் ஒலியெழுப்புவதும் இதே முறையில்தான். பாலுசுவாமி தீட்சிதர் கருநாடக இசைக்குக் கொணர்ந்த அக்கருவியில் ஒட்டலும் வழுக்கலும் இசையாகின்றன. வண்டியின் அடியில் அவை ஓலமாகின்றன. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் அமைதலே இசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள வேறுபாடு.

ஈண்டு ஒன்று சிந்தித்தற்குரியது. உராய்வு முற்றிலும் பகையன்று. அதிர்வடக்கிகள் பரவாத காலத்தில், பட்டைகளுக்கு இடையிலான உராய்வே வண்டியின் துள்ளலை அடக்கியது. உராய்வே இல்லாவிடில் ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி பத்து முறை துள்ளும். ஆகவே, பழைய வண்டியின் வில்லை எண்ணெயில் குளிப்பாட்டிவிடுதல் மருந்தாகாது. சீரான, மென்மையான உராய்வை நிலைநிறுத்தி, ஒட்டி வழுக்கும் தன்மையை மட்டும் நீக்குதலே குறிக்கோள்.

ஒலியை அடக்கும் முறை

முதற்கண் ஒலி எங்கிருந்து எழுகின்றது என்பதைத் தெளிய வேண்டும். பட்டைகளன்றி, கண்ணிலுள்ள புஷ், கொளுவியின் ஊசி, அதிர்வடக்கியின் பிணைப்பு, தளர்ந்த யூ-போல்ட்டு ஆகியனவும் முனகக்கூடும். ஒருவர் வண்டியை மேலும் கீழும் அசைக்க, மற்றொருவர் ஐயத்திற்குரிய இடங்களில் ஒவ்வொன்றாகச் சவர்க்கார நீரைத் தெளித்துப் பார்த்தல் எளிய வழி. எவ்விடத்தில் தெளித்ததும் ஒலி அடங்குகின்றதோ, அதுவே நோயின் இருப்பிடம். நோய்நாடி நோய்முதல் நாடும் நெறி பட்டறைக்கும் பொருந்தும்.

நோய் பட்டைகளில் என்றால் வில்லைக் கழற்றுதல் நன்று. வண்டிச் சட்டத்தை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்திய பின்னரே அடியிற் புகவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் புகுந்தோர் உயிரிழந்ததுண்டு. கழற்றிய வில்லின் முன்பின் பக்கங்களையும் பட்டைகளின் வரிசையையும் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். நடு ஆணியைத் தளர்த்துமுன் அடுக்கை வலிய பிடிகருவியால் இறுக்கி, பிறகு மெல்ல மெல்லத் தளர்த்துதல் வேண்டும். அடக்கி வைத்த விசை ஆணியை நீக்கிய கணத்தில் பாய்ந்து தாக்கும்.

பிரித்த பட்டைகளை மண்ணெண்ணெயில் கழுவி, கம்பித்தூரிகையால் துருவை நீக்கி, பகலொளியில் நோக்க வேண்டும். நடு ஆணித் துளையைச் சுற்றி நுண்ணிய விரிசல் உண்டா என்பது முதற் கேள்வி. விரிசல் கண்ட பட்டையைப் பற்றவைத்துப் பயன்படுத்துதல் கூடாது. வெப்பத்தால் எஃகின் பதம் கெட்டு, பின்னொரு நாள் ஓட்டத்திலேயே அது ஒடியும். கீழ்ப்பட்டையின் முனை மேற்பட்டையில் பள்ளம் பறித்திருக்கின்றதா என்பது இரண்டாவது கேள்வி. பழைய பட்டைகளின் முனைகள் சதுரமாக வெட்டப்பட்டு, கூரிய விளிம்போடு இருத்தலுண்டு. அவ்விளிம்பே மேற்பட்டையைக் கீறி ஒலி எழுப்புகின்றது. அதனை அரத்தால் வட்டமாக மழுக்கினாலே பாதித் தொல்லை தீரும். தேய்க்கும்போது பட்டையின் நீளவாக்கில் தேய்த்தல் வேண்டும். குறுக்கே விழும் கீறல் விரிசலுக்கு வித்தாகும்.

அடுத்தது மசகு. போர்டு ‘டி’ வண்டியோடு வழங்கிய கையேடே, பட்டை முனைகளை நெம்பி இடையில் எண்ணெயோ கிராபைட்டோ இடுமாறும், வண்டியை முழுமையாகச் செப்பனிடும் போது பட்டைகளைப் பிரித்து மெருகிட்டுக் கிராபைட்டு இட்டு அடுக்குமாறும் அறிவுறுத்திற்று. பென்சிற்கரி எனப்படும் கிராபைட்டு, படலம் படலமாக வழுக்கும் இயல்புடையது. எண்ணெய் வற்றினாலும் அது பரப்பில் எஞ்சி நிற்கும். ஆகவே, கிராபைட்டு கலந்த மசகை மெல்லிய பூச்சாக இட்டு அடுக்குதல் நெடுநாள் பயன் தரும். இக்காலத்தில் சிலர் பட்டைகளுக்கிடையே வழுவழுப்பான நெகிழித் தகடுகளை வைக்கின்றனர். ஒலி அறவே அடங்கும். ஆனால், உராய்வும் பெரிதும் குறைவதால் அதிர்வடக்கிகள் நன்னிலையில் இருத்தல் இன்றியமையாதது. மூலவடிவத்தைப் பேண விழைவோர் பழைய முறையைக் கைக்கொள்வதே பொருத்தம்.

பினாங்கு கடல் சூழ்ந்த தீவு. உப்புக் காற்றும் அடைமழையும் எஃகுக்குப் பகைவர்கள். இட்ட மசகு கழுவிப் போகாமலும் மணல் புகாமலும் காக்க, 1920களிலேயே மேனாட்டார் வில்லுக்குத் தோலுறை தைத்து அணிவித்தனர். காலணிக்கு வார் கட்டுவது போல் இழுத்துக் கட்டும் அவ்வுறைகளை இன்றும் செய்வோர் உளர். ஆனால், நம் தட்பவெப்பத்தில் உறைக்குள் நீர் புகுந்து தேங்கினால் காப்பே கேடாகிவிடும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவிழ்த்துப் பார்த்து, துடைத்து, மசகிட்டுக் கட்டுதல் வேண்டும்.

கண்ணிலுள்ள இரப்பர்ப் புஷ்ஷைப் பற்றித் தனியே கூற வேண்டும். ஒலி கேட்டதும் பழைய இயந்திர எண்ணெயை எடுத்து வில்லெங்கும் பீய்ச்சுதல் பலரது வழக்கம். நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் இயற்கை இரப்பரை ஊதச் செய்து, மென்மையாக்கி, சிதைத்துவிடும். அன்று அடங்கிய ஒலி சில திங்களில் இருமடங்காகத் திரும்பும். இரப்பரைத் தீண்டாத மசகு ஆமணக்கு எண்ணெயை அடிப்படையாகக் கொண்டது. நம் பாட்டனார் வண்டி அச்சுக்குக் குழைத்த அதே எண்ணெய்தான், நம் மற்றொரு பாட்டனார் சீவிய மரத்தின் பாலில் உருவான புஷ்ஷுக்கும் உகந்த துணையாகின்றது! புதிய புஷ்ஷைப் பொருத்தும்போது, வண்டியின் எடை முழுவதும் சக்கரங்களின்மேல் இறங்கிய பின்னரே மரைகளை இறுதியாக முடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால், வண்டி இறங்கியதும் இரப்பர் முறுக்கேறி விரைவில் கிழியும்.

சொல்லும் செயலும்

மேற்கூறிய முறைகள் எவையும் பல்கலைக்கழகத்தில் தோன்றியவை அல்ல. பெரும்பாலும் பட்டறைத் தொழிலாளரின் கையிலும் செவியிலும் வளர்ந்தவை. ஒலியைக் கேட்ட அளவில் ‘இது கண், இது பட்டை’ என்று பிரித்துச் சொல்லும் முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்களோடு அறிவு மட்டுமன்றிச் சொற்களும் மறைகின்றன. வில், பட்டை, கண், குடம், வட்டை, ஆரக்கால், அச்சாணி, கடையாணி, வண்டிமை ஆகிய இவற்றுள் எத்தனை சொற்களை இன்றைய மாணவர் அறிவர்?

கலைச்சொல் இல்லையே என்று நாம் அடிக்கடி வருந்துகின்றோம். அகராதியின் துணையோடு புதுச்சொல் படைக்கவும் முற்படுகின்றோம். அம்முயற்சி வேண்டியதே. ஆயினும், எலியட்டின் கண்டுபிடிப்பு நம் ஊருக்கு வந்த அன்றே அதற்கு ‘வில்’ எனப் பெயர் சூட்டியவன், கரியேறிய கையுடன் பட்டறையில் நின்ற தொழிலாளி. அவனிடம் இன்னும் எத்தனை சொற்கள் இருந்தன என்று கேட்டறிந்து எழுதி வைத்தோமில்லை. பினாங்கின் தமிழ்ப் பள்ளிகளிலும் இடைநிலைப் பள்ளிகளிலும் பயிலும் மாணவர்கள், விடுமுறைக் காலத்தில் தம் ஊர்ப் பட்டறைகளுக்கும், தேர் செப்பனிடும் கொட்டகைகளுக்கும் சென்று, முதியோரிடம் வாய்மொழிச் சொற்களைத் தொகுப்பார்களாயின், அது சிறந்த வரலாற்றுப் பணியாகும். ஆசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்டுதல் வேண்டும்.

முடிவுரை

பழைய வண்டியைப் புதுப்பிப்போர் இருவகையர். ஒலி கேட்டால் உறுப்பையே மாற்றி எறிவோர் ஒருவகை. ஒலியின் காரணத்தைத் தேடி, பிரித்து, துடைத்து, அளவறிந்து மசகிட்டு, அதே உறுப்பை மீண்டும் உழைக்கச் செய்வோர் மற்றொரு வகை. முன்னவரிடம் வண்டி எஞ்சும். பின்னவரிடம் வண்டியோடு அதன் வரலாறும் எஞ்சும். மரபுடைமை நகரமென உலகம் ஏற்ற ஜோர்ஜ்டவுனில் வாழும் நமக்கு இரண்டாவது நெறியே ஏற்புடையது. எஃகை வளைத்தவன், மரத்தைச் சீவியவன், கல்லை உடைத்துச் சாலை இட்டவன், மை குழைத்து அச்சிலிட்டவன் ஆகிய இவர்களின் பெயர்களை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. அவர்கள் கைபட்ட பொருள்களையும் அவர்கள் வாய்மொழியையும் பேணுவோமாயின், அவர்களுக்குரிய வரலாற்றை நாம் எழுதத் தொடங்கியவர்கள் ஆவோம்.